சிவப்பைத் தொட்ட ஒன்பது பேர்

உணவுக்கூடத்தின் வாயிலில் கைகழுவும் குழாய்கள் ஆறும் ஒரே நேரத்தில் திறந்திருந்தன. அந்த நீரோசைக்கு மேலே குரலை உயர்த்தி ஒரு பெண்மணி என்னைக் கேட்டார்.

"இந்த டப்பாவ செஞ்சது நீங்கதானா?"

டப்பா என்று அவர் சுட்டியது, சுவரில் மார்பளவு உயரத்தில் பொருத்தியிருந்த தொடுதிரையை. நான் விடை தேடுவதற்குள், கையிலிருந்த ஒன்றை என் மூக்குக்கு நேரே நீட்டினார். காலணியின் மேற்பகுதி அது. அடிப்பகுதி இன்னும் ஒட்டப்படவில்லை. கறுப்புத் தோலிலிருந்து பசையின் நெடி எழுந்தது. தையல் வளையும் இடத்தில் நகத்தளவே ஆன ஒரு சிவப்பு அம்பு ஒட்டியிருந்தது.

"இது இன்னான்னு தெரியுமா உங்களுக்கு?"

தெரியாது என்றேன்.

"தெரியாமயே செவப்பு பட்டன் வெச்சிட்டீங்களா?"

அவர் பெயர் எஸ்தர். ஆம்பூரிலுள்ள அந்தக் காலணித் தொழிற்சாலையில் பதினோர் ஆண்டுகளாகத் தையற்பொறியில் அமர்ந்திருப்பவர். உணவு இடைவேளை முடியச் சிறிது நேரமே இருந்தது. இன்னும் உண்ணாமலேயே அவர் பேசினார்.

"ஒரு பீஸ்ல தப்பு இருந்தா செக்கர் அக்கா இத ஒட்டி திருப்பி அனுப்பும். நாங்க பிரிச்சி சரியா தெச்சி குடுப்போம். செவப்புன்னா சரி பண்ணிக் குடுன்னு அர்த்தம். வேணாம்னு அர்த்தமில்ல. வேணாங்கற பீஸ தூக்கி அப்பால போட்டுருவாங்க. அதுக்கு எவன் ஸ்டிக்கர் ஒட்டுவான்?"

நிகழ்ந்தது இதுதான். செக்கர் எனப்படும் தரம் பார்ப்போர் பணிக்கு அந்த ஆலையில் உள்ளுக்குள்ளேயே ஆள் தெரிவு செய்கிறார்கள். விரும்பும் பெண்கள் அந்தத் திரையில் பெயர் பதிந்தனர். ஓரிரு வாரம் கழித்து, பதிந்தவர் தம் விவரங்களைத் திரையில் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். எஸ்தர் பார்த்தபோது, பதினோர் ஆண்டுப் பணி, ஓராண்டு என்று காட்டப்பட்டிருந்தது. கீழே இரண்டு பொத்தான்கள்: பச்சை ஒன்று, சிவப்பு ஒன்று. பிழையைத் திருத்தித் தரட்டும் என்று அவர் சிவப்பைத் தொட்டார். அவர் தேர்விலிருந்து விலகிக்கொண்டதாகப் பொறி பதிந்துகொண்டது.

அன்று காலையில்தான் மேற்பார்வையாளர் அவரிடம், "ஏன் எஸ்தரு, வேணாம்னுட்ட?" என்று கேட்டிருக்கிறார். மாலை ஐந்து மணிக்குப் பட்டியலை ஒட்டப்போகிறார்கள். மறுநாள் காலை செய்முறைத் தேர்வு.

"பட்டனில் எழுதியிருந்ததைப் படிக்கவில்லையா?" என்று நான் கேட்டேன். இன்று நினைத்தாலும் நான் நாணும் வினா.

"எழுத்தா? எழுத்த யாரு மேடம் பாத்தாங்க? பின்னால முப்பது பேரு நிக்கறாங்க. பச்ச இருந்துச்சு, செவப்பு இருந்துச்சு. தப்பா இருக்கேன்னு செவப்ப அமுக்கனேன்." பிறகு குரல் தாழ்ந்தது. "பதினோரு வருஷமா குனிஞ்ச கழுத்து மேடம். இன்னும் குனிஞ்சா கை மரத்துப்போவும்னு டாக்டரு சொல்லிட்டாரு. செக்கர்னா நின்னுக்கினு பாக்கற வேல. இது போச்சுன்னா நான் வூட்டுக்குத்தான் போவணும்."

மணி ஒலித்தது. அவர் கைகழுவாமலேயே திரும்பி ஓடினார். அந்தத் திரையை வடிவமைத்த நஸ்ரீன் பக்கத்தில் நின்றார்; நான் அவரைப் பார்த்தேன். நஸ்ரீன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சொல் தேடிச் சென்ற வியாழக்கிழமைகள்

ஓய்வு பெற்ற தமிழ்ப் பேராசிரியைக்குத் தோல் ஆலையில் என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கக்கூடும். முந்தைய இயலில், பணி ஓய்வுக்குப் பின் வீட்டுக்குள்ளேயே நடந்து நடந்து தரையோடுகளை எண்ணிக்கொண்டிருந்த என் நாள்களைப் பற்றி எழுதியிருந்தேன். அந்த எண்ணிக்கையிலிருந்து என்னை மீட்டவர் நஸ்ரீன்.

அவர் பெங்களூரில் பல்லாண்டுகள் வடிவமைப்பாளராக இருந்தவர். நாற்பது வயதுக்கு மேல் ஆம்பூருக்கே திரும்பிவந்து, கடைவீதியில் ஒரு மாடியில், நால்வரை வைத்துக்கொண்டு தொழில் நடத்துகிறார். வீட்டில் உருது, வெளியில் தமிழ், தொழிலில் ஆங்கிலம். இந்த மூன்றாவதைத் தமிழாக்கித் தரவேண்டும் என்றுதான் என்னை அழைத்தார். வடிவமைப்புத் துறையின் கலைச்சொற்களுக்குத் தமிழில் ஒரு கையேடு வேண்டும். கூடவே, அவர்கள் செய்யும் திரைகளின் தமிழையும் நான் செப்பனிட வேண்டும்.

வியாழக்கிழமைதோறும் காட்பாடியில் தொடர்வண்டி ஏறுவேன். குடியாத்தம் தாண்டி, மேல்பட்டி தாண்டி, ஒவ்வொரு நிலையத்திலும் ஒரு சொல்லை ஆக்கி, அடுத்த நிலையத்தில் அதை அழித்துவிடுவேன்.

ஒயிட் ஸ்பேஸ் என்பதற்கு 'வெண்வெளி' என்று எழுதிச் சென்றேன். "பின்னாடி கறுப்பு கலரா இருந்தா இன்னா பண்ணுவீங்க மேடம்?" என்றார் நஸ்ரீன். அது 'வெற்றிடம்' ஆயிற்று. வயர்ஃப்ரேம் என்பதற்குக் 'கம்பிச்சட்டம்' என்றேன். "கோழிக்கூண்டு மாதிரி கேக்குது." சரி, 'கோட்டுருவம்'. திரையின் மூலையில் மூன்று கோடுகளாய் நிற்கும் பட்டியலை ஆங்கிலத்தில் ஓர் இறைச்சி ரொட்டியின் பெயரால் அழைக்கிறார்களாம். நான் 'முக்கோட்டுப் பட்டி' என்று பெருமையோடு சொன்னேன். "எங்க ஆபீஸ்ல எல்லாரும் மூணு கோடுன்னுதான் சொல்றோம்" என்று சிரித்தார்.

கண் எதை முதலில் காண்கிறது, எதை அடுத்துக் காண்கிறது என்னும் ஒழுங்குக்குக் 'காட்சிப் படிநிலை' என்ற சொல் உடனே அமைந்தது. எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான வேறுபாடு 'ஒளிமாறுபாடு'. தொட்டதும் பொறி தரும் மறுமொழி 'பின்னூட்டம்'. திரையைக் கையாள்பவர் 'பயனர்'.

இத்தனைக்கும் வரையறை எழுதினேன். பயனர் என்ற சொல்லுக்கு மட்டும் அரைப்பக்கம். ஆனால் எஸ்தர் அந்தக் கறுப்புத் தோலை நீட்டும்வரை, ஒரு பயனரையும் நான் நேரில் கண்டதில்லை.

நீக்குக

நஸ்ரீன் ஏன் தரையைப் பார்த்தார் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

அந்தத் திரையை உருவாக்கியபோது அவர் முதலில் ஐந்து படிகள் வரைந்திருந்தார். சிவப்பைத் தொட்டதும் ஒரு சிறு கட்டம் எழுந்து, 'நீங்கள் தேர்விலிருந்து விலக விரும்புகிறீர்களா?' என்று கேட்கும். ஆம் என்றால்தான் விலகல். அந்தத் தாளைத் தமிழ் திருத்த என்னிடம் கொடுத்தார்.

பொத்தானிலேயே 'விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுக' என்று நான் எழுதியிருந்தேன். அதைத் தொட்டவரிடம் மீண்டும் அதையே கேட்பானேன்? சொன்னதைத் திரும்பச் சொல்வது நடைக்குக் குற்றம் என்று முப்பது ஆண்டுகள் கற்பித்தவள் நான். அந்தக் கட்டத்தின் குறுக்கே பச்சை மையால் கோடிட்டு, ஓரத்தில் 'கூறியது கூறல். நீக்குக' என்று எழுதினேன்.

நஸ்ரீன் தயங்கினார். ஆலைத் தரப்பிலோ தொடுதல்கள் குறைவாக இருந்தால் வரிசை விரைவாக நகரும் என்று வற்புறுத்தியிருந்தார்கள். "சரி மேடம், ஒரு ஸ்டெப்பு கம்மி ஆவும்" என்று அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டார்.

பிழையில் அவருக்கும் ஆலைக்கும் பங்கு உண்டு என்று யாரும் வாதாடலாம். ஆனால் அந்தப் பச்சை மை என் பேனாவுடையது.

பின்பக்கத்து வினா

எஸ்தரின் பெயரைத் திரும்பச் சேர்க்கக் கேட்கப் போனோம். பணியாளர் அலுவலர் தயாளன் வேறு கூட்டத்தில் இருந்தார். அவர் அறைக்கு வெளியே எங்களை அமரச் சொன்னார்கள். என்னால் அமர முடியவில்லை. தீயணைப்புக் கருவி தொங்கிய தூணிலிருந்து நீர்க்குடுவை வரை நடந்தேன், திரும்பினேன், மறுபடி நடந்தேன். பூட்டிய கதவுக்கு அப்பால் நூற்றுக்கணக்கான தையற்பொறிகள் ஒரே சீராக இரைந்துகொண்டிருந்தன. அவற்றுள் ஒன்று எஸ்தருடையது என்று காது வீணாகத் தேடியது.

அப்போது நினைவுக்கு வந்தது வேறொன்று. நான் கல்லூரியில் இளையவளாக இருந்த காலம். பருவத் தேர்வுக்கு வினாத்தாள் அமைத்தேன். கடைசி வினா, பத்து மதிப்பெண்ணுக்குரியது, தாளின் பின்பக்கத்துக்குப் போய்விட்டது. முன்பக்கத்தின் அடியில் சிறியதாகத் 'திருப்புக' என்று அச்சிட்டிருந்தது. வகுப்பில் பாதிப்பேர் திருப்பவில்லை.

அவர்களுள் நன்கு படிக்கும் ஒரு மாணவி அழுதுகொண்டே வந்தாள். "கீழ இருந்தத பாக்கல மிஸ். பத்து மார்க்குமா போவும்?" என்றாள். பார்க்கவேண்டியது உன் கடமை என்று சொல்லி அனுப்பினேன். துறைத்தலைவர் விளக்கம் கேட்டபோது, 'மாணவியரின் கவனக்குறைவு' என்று ஒற்றை வரியில் எழுதிக் கொடுத்தேன். அழகான வரி என்றும் அன்று எண்ணிக்கொண்டேன்.

காட்சிப் படிநிலை என்பதற்கு இரண்டு நிலையத் தொலைவுக்குள் சொல் கண்டவள், அதன் பொருளை அந்தத் தூணுக்கும் நீர்க்குடுவைக்கும் இடையில்தான் கற்றேன்.

"உக்காருங்க மேடம், தல சுத்துது எனக்கு" என்றார் நஸ்ரீன்.

"எனக்கு உட்கார வராது."

நாங்களா அமுக்கனோம்?

தயாளன் கெட்டவர் அல்லர். வேலையில் அலுத்துப்போனவர். கணினியைத் திருப்பிக் காட்டினார்.

"பாருங்க. எஸ்தர், வித்ட்ரான், வெலகிட்டாங்கன்னு போட்டிருக்கு. நாங்களா அமுக்கனோம்? அவங்களே அமுக்கியிருக்காங்க. இப்ப வந்து இல்லன்னா எப்பிடி?"

"அந்தத் திரையில் குறை இருக்கிறது" என்றேன். "அவர்களிடம் உறுதி கேட்கும் கட்டம் ஒன்று இருந்தது. அதை நீக்கச் சொன்னவள் நான். அதற்கு இவர் பொறுப்பல்லர்."

நஸ்ரீன் என்னைத் தடுப்பதுபோல் கையை அசைத்தார். தயாளன் கணினியைத் தம் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"நீங்க பெரியவங்க, உங்க மனசுக்கு சொல்றீங்க. ஆனா உங்க ஒருத்தர் பேச்சுக்கு லிஸ்ட்ட பிரிக்க முடியாது மேடம். வெலகினது எஸ்தர் மட்டும் இல்ல. ஒன்பது பேரு."

ஒன்பது பேர்.

"இவ்ளோ பேரு ஏன் வெலகுனாங்கன்னு உங்களுக்கு டவுட்டே வரலியா சார்?" என்றார் நஸ்ரீன்.

"வேணாம்னு நெனச்சிருப்பாங்க. லேடீஸ், வூட்ல ஆயிரம் இருக்கும்."

நஸ்ரீன் எழுந்து நின்றார். "ஒரு சோதன பண்ணலாம் சார். அப்ளை பண்ணாத அஞ்சு பேர நீங்களே கூப்பிடுங்க. அதே ஸ்க்ரீன், அவங்கவங்க பேரு, வேணும்னே ஒரு தப்பு போட்டுருவேன். அவங்க எத அமுக்கறாங்கன்னு பாருங்க. அப்பறம் நீங்களே முடிவு பண்ணுங்க. கால் மணி நேரந்தான்."

தயாளன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றரை. "அஞ்சு பேரு வாணாம். மூணு பேரு. தையல் லைன் நிக்கும்."

வாய் திறவாச் சோதனை

பயன்பாட்டுச் சோதனை என்று எங்கள் கையேட்டில் ஒரு பதிவு உண்டு. நானே எழுதியது. அதற்கு ஒரு நெறி: பயனர் திரையைத் தொடும்போது, உடனிருப்பவர் வாய் திறக்கக் கூடாது. உதவக் கூடாது. முகம்கூட மாறக் கூடாது. எழுதும்போது எளிதாகத்தான் இருந்தது.

நஸ்ரீன் தம் கைக்கணினியில் அதே திரையைத் திறந்து மேசைமேல் வைத்தார். முதற்பெண் வந்தார். "நான் இன்னா தப்பு பண்ணேன் சார்?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். ஒன்றுமில்லை, உங்கள் விவரம் சரியா என்று பார்த்துச் சொல்லுங்கள் என்றார் நஸ்ரீன். அந்தப் பெண் திரையை நோக்கினார். "ஐயே, வருஷம் தப்பா கீது" என்றார். விரல் நேரே சிவப்பில் போய் விழுந்தது. இமைக்கும் நேரந்தான்.

தயாளன் தாளில் ஏதோ குறித்தார்.

இரண்டாமவர் மெல்லப் படித்தார். உதடுகள் அசைந்தன. விரல் சிவப்பின் மேல் போய் நின்றது, பின்வாங்கியது, பச்சையைத் தொட்டது. கையிரண்டையும் முந்தானைக்குள் இறுக்கிக்கொண்டேன். வகுப்பறையாக இருந்தால் இந்நேரம் 'மீண்டும் ஒருமுறை பார்' என்று சொல்லியிருப்பேன்.

"பாத்தீங்களா?" என்றார் தயாளன், என் பக்கம் திரும்பி. "படிச்சி புரிஞ்சி கரெக்டா பச்ச அமுக்கறாங்க." அந்தப் பெண்ணிடம் கேட்டார்: "ஏம்மா பச்ச? எல்லாம் சரியா இருந்துச்சா?"

"இல்ல சார். எம் பேருல ஒரு எழுத்து தப்பு."

"அப்பறம் ஏன் சரின்னு அமுக்கன?"

"ஆபீஸ்ல போட்டத நாங்க எப்பிடி சார் தப்புன்னு சொல்றது?"

தயாளன் பேனாவின் மூடியைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

மூன்றாமவர் சிவப்பைத் தொட்டார். தொட்டுவிட்டு, "எப்ப சார் சரி பண்ணித் தருவீங்க?" என்று கேட்டார்.

தயாளன் தொலைபேசியை எடுத்து, பட்டியலை ஐந்துக்கு ஒட்டவேண்டாம், ஆறாகட்டும் என்றார். பிறகு எங்களைப் பார்த்து, "அந்த ஒன்பது பேரயும் திரும்பக் கேக்கறேன். அவங்களே வந்து அமுக்கணும். நீங்க அந்தக் கேள்விய திரும்பப் போடுங்க, சீக்கிரம்" என்றார்.

ஒரு வினா, இரண்டு விடை

நஸ்ரீன் மடிக்கணினியைத் திறந்தார். வினாவை நான் எழுதவேண்டும்.

'தாங்கள் இத்தேர்வினின்று விலகிக்கொள்ள விழைகின்றீர்களா?' என்று தொடங்கினேன். நஸ்ரீன் தட்டச்சை நிறுத்தினார். அதைக் கண்டு நானே அடித்தேன். 'செக்கர் தேர்விலிருந்து விலகுகிறீர்களா?' என்று எழுதினேன். செக்கர் என்ற சொல்லை என் கையால் எழுதியது அதுவே முதல்முறை. விடைகளாக 'வேண்டும்', 'வேண்டாம்' என்றேன்.

"ரெண்டும் ஒரே மாதிரி இருக்குது மேடம்" என்றார். கணினியைச் சற்றுத் தள்ளி வைத்துக் காட்டினார். கண்ணை இடுக்கிப் பார்த்தேன். உண்மைதான், நான்கடித் தொலைவில் இரண்டு சொற்களும் இரட்டைப் பிள்ளைகளாக நின்றன. ஓடி வந்து பார்ப்பவருக்கு அவை வடிவங்கள் மட்டுமே. 'விலகவில்லை, தேர்வுக்கு வருகிறேன்' என்பதைப் பெரிதாக மேலேயும், 'விலகுகிறேன்' என்பதைக் கீழேயும் வைத்தோம். இரண்டுக்கும் ஒரே நிறம். எழுத்தைப் படித்தாலன்றி விரல் போக முடியாதபடி.

எஸ்தரை அழைத்தார்கள். கழுத்தில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு வந்தார். என்னைக் கண்டதும், "இன்னும் போவலியா நீங்க?" என்றார்.

திரையில் அவருடைய விவரங்கள். பதினோர் ஆண்டு, திருத்தப்பட்டிருந்தது. ஒப்புக்கொண்டு பச்சையைத் தொட்டால் முடிந்தது. அவர் தொடவில்லை. கைக்கணினியைச் சாய்த்துப் பிடித்து, மேலிருந்து கீழாக, ஒரு தையலைப் பார்ப்பதுபோல் பார்த்தார். பிறகு விரல் மறுபடியும் சிவப்பில் விழுந்தது.

என் வாயிலிருந்து ஓர் ஒலி வந்துவிட்டது. நஸ்ரீன் என் கையைப் பற்றினார்.

கட்டம் எழுந்தது. எஸ்தர் அதை உரக்கப் படித்தார். "செக்கர் தேர்விலிருந்து விலகுகிறீர்களா?" பொறியை முறைத்தார். "நான் ஏன்யா வெலகணும்? லைன் நம்பர் தப்பா போட்டுக்கினு என்னை வெலகுறியான்னு கேக்குது பாரு!"

'விலகவில்லை, தேர்வுக்கு வருகிறேன்' என்பதை ஓங்கி அழுத்தினார்.

தயாளன் தம் தாளைப் புரட்டினார். "லைன் ஆறுதானம்மா?"

"நாலு சார். மாத்தி ரெண்டு வருஷமாவுது. மாத்தனது நீங்கதான்."

தயாளன் சிரித்துவிட்டார். நஸ்ரீன் சிரிக்கவில்லை, திரைக்கு அருகே சென்றார். "தப்புன்னு சொல்லணும்னா எங்க அமுக்கணும்னு நெனைக்கிறீங்கக்கா?"

எஸ்தர் அவரை ஒரு விந்தை மனிதரைப் பார்ப்பதுபோல் பார்த்தார். பிறகு திரையில் இருந்த ஆறு என்ற எண்ணின் மேலேயே விரலை வைத்தார். "இங்கதான். தப்பு எங்க கீதோ அங்கதான காட்டணும்? அம்பு வேற எங்கயாவது ஒட்டுவாங்களா?"

நஸ்ரீன் அதை அப்படியே எழுதிக்கொண்டார். இப்போது அந்தத் திரையில் சிவப்புப் பொத்தான் இல்லை. எது பிழையோ அதைத் தொட்டால், திருத்தச் சொல்லிப் போகிறது.

எட்டுப் பேர்

மறுநாள் காலை நான் வேலூரில் என் வீட்டில் எந்த வேலையும் செய்யவில்லை. கைப்பேசியை மேசையில் வைப்பேன், எடுப்பேன், ஒலி அடங்கியிருக்கிறதோ என்று பார்ப்பேன். பதினோரு மணிக்குமேல் நஸ்ரீன் அழைத்தார்.

"எஸ்தரக்கா செலக்ட் மேடம். திங்கக்கெழமைலேர்ந்து டேபிள்ல நிக்கறாங்க."

அமர்ந்தேன். இரண்டு நாளில் அப்போதுதான் முதன்முறையாக ஒழுங்காக அமர்ந்தேன்.

"மற்றவர்கள்?"

"நாலு பேரு திரும்ப வந்தாங்க. மூணு பேரு நெஜமாவே வேணாம்னுட்டாங்க."

என் கணக்கு முடியவில்லை. எஸ்தரோடு எட்டுப் பேர்தான் ஆகிறது என்றேன்.

"ஒருத்தர் போன வாரமே நின்னுட்டாங்க மேடம். சொல்லாம கொள்ளாம. ராணிப்பேட்டைல வேற கம்பெனின்னு ஒருத்தர் சொல்றாங்க, வூட்லதான் இருக்காங்கன்னு இன்னொருத்தர் சொல்றாங்க. போன் பண்ணா ஸ்விட்ச் ஆப்."

அவர் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டேன். அதன்பின் ஒவ்வொரு வியாழனும் ஆம்பூரில் இறங்கியதும் முதலில் அதைத்தான் விசாரிக்கிறேன். அவர் தாமாகவே விலகினாரா, அல்லது தம் பெயரிலோ ஆண்டிலோ ஒரு பிழையைக் கண்டு சிவப்பைத் தொட்டாரா என்று எவருக்கும் தெரியாது. நான் நீக்கிய அந்த வினாவை அவரிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை.